பகலில் உறங்கிய கொடி

கல்மட்டம் எஸ்டேட்டில் மலை இறங்கியது ஒரு காலை நேரத்தில். கொழுந்து பறிக்கிற பெண்கள் மேல்காட்டில் கூடையோடு நின்றிருந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள், தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த ஆண்கள் கஞ்சி குடித்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். ஐப்பசி மழையில் ஊறி ஊறிக் கனத்துப்போயிருந்த சரிவு, யாரோ பாயைச் சுருட்டுகிற மாதிரி மேலிருந்து கீழாகத் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த கீழ் லைன் வீடுகளையும் உள்ளே வைத்துச் சுருட்டிக்கொண்டு, ஓடைக்கரையில் போய் நின்றது. தவமணி மேல்காட்டிலிருந்து அதைப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. அந்த லைனின் நடு வீட்டில் அவள் புருஷன் சிவனாண்டி தூங்கிக்கொண்டிருந்தான்.

தூக்கத்துக்குப் பேர் போனவன் சிவனாண்டி. ஃபேக்டரி மாடியில் ராத்திரி முழுக்கப் பச்சை இலையைப் பரப்பி வாட்டிவிட்டு விடிந்ததும் வந்து விழுந்தான் என்றால், அவன் குறட்டை அடியில் கரகரவென்று தொடங்கி, மேட்டில் ஏறுகிற ஜீப் மாதிரி கியர் மாற்றி மாற்றி ஏறி, உச்சியில் சட்டென்று நின்று, கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற நேரத்தில் மெல்லிய விசிலாகக் கீழே இறங்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தவமணி பகலில் வாய்விட்டுப் பேசியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு லைனுக்கு வந்தால் செருப்பை வாசலுக்கு எட்டத்தில் கழற்றுவாள். கதவுக் கொண்டியில் பழந்துணி சுற்றி வைத்திருந்தாள். ஓடியாடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் உதட்டில் விரலை வைப்பாள். அந்த வீட்டில் பிள்ளை பிறக்கவில்லை. புருஷனுடைய தூக்கத்தைத்தான் தவமணி இடுப்பில் தூக்கி வளர்க்கிறாள் என்று பக்கத்து வீட்டுக் காத்தாயி சொல்லிச் சிரிப்பாள்.

மண்ணைத் தோண்டிப் பலரை எடுத்தார்கள். சிவனாண்டியை எடுக்க முடியவில்லை. காய்ச்சல் என்று அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்த காத்தாயியின் மகள் புவனாவையும், இன்னும் சிலரையும் எடுக்க முடியவில்லை. மறுபடி மழை வலுத்தது, யந்திரம் சேற்றில் புதைந்தது, தோண்டினவர்கள் போய்விட்டார்கள், சரிவைச் சுற்றி முள்கம்பி வந்தது. மிச்சமிருந்தவர்களை ஃபேக்டரிக்குப் பின்னால் தகர ஷெட்டுகளில் குடிவைத்தார்கள். அதற்கும் லைன் என்றே பேர் வந்தது.

கார்த்திகையில் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு தடவை தோண்டச் சொல்லிக் கேட்பதற்காகத் தவமணி மேனேஜர் பங்களாவுக்குப் போனாள். படியில் உட்காரச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட ஒரு கொடி அந்த வாசல் தூண்களைச் சுற்றி மச்சுவரைக்கும் ஏறியிருந்தது; மாசி பங்குனியில் ஊதாக் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்கும், குளிர் வந்தால் ஒரு இலை விடாமல் கொட்டிவிட்டுக் கயிறாகக் கிடக்கும். அதற்கு என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் வெளியே வந்தார், நல்ல மனுஷர்தான், கண்ணைப் பார்க்காமல் பேசினார். இனித் தோண்டினால் மேலே உள்ளதும் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. தலைக்கு மேலே காய்ந்து தொங்கிய நெற்று ஒன்று பட்டென்று வெடித்து, சப்பையான ஒரு விதை அவள் மடியில் வந்து விழுந்தது.

பங்களாத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஜேசுமணி அப்போது அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அதை எடுத்துட்டுப் போகட்டுமாண்ணே?"

"எடுத்துக்க தங்கச்சி. ஆனா போட்ட உடனே முளைக்காது. ஒரு குளிரு முழுக்க மண்ணுக்குள்ள கிடக்கணும். செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாத."

மண் வேண்டுமே என்றுதான் அவள் முள்கம்பியைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். வேறெந்த நினைப்பும் அவளுக்கு இல்லை. நடு வீடு இருந்த இடம் இதுதான் என்று காலுக்குத் தெரிந்த இடத்தில் மண்ணை அள்ளி, அடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின்னில் நிரப்பி, விதையைப் போட்டுத் தன் ஷெட் வாசலில் வைத்தாள். மார்கழியில் உறைபனி விழுந்து டின்னுக்குள் மண் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நின்றது. தண்ணீர் அதிகம் விட்டால் விதை அழுகிவிடும், ஒன்றுமே விடாமலும் இருக்க முடியாது. கையை நனைத்து உதறுவாள், அவ்வளவுதான். பங்குனியில் மண் பிளந்து, வளைந்த கழுத்தோடு ஒரு முளை வெளியே வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அது கயிறு பிடித்துத் தகரக் கூரைக்கு ஏறிவிட்டது. மறுபடி கார்த்திகையில் இலை மஞ்சளித்தது, முதல் உறைபனியில் ஒன்றுவிடாமல் கொட்டியது. தவமணி தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். தோலுக்குக் கீழே பச்சை இருந்தது.

அன்றைக்கு வேலை இல்லை. பனி விலகி வெயில் ஷெட் வாசலுக்கு வந்த நேரத்தில், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கையில், டின்னுக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. அடியில் கரகரவென்று தொடங்கியது, கியர் மாற்றி ஏறியது, உச்சியில் நின்றது, விசிலாக இறங்கியது. தவமணி எழுந்து போய் ரேடியோவை அணைத்தாள். சோற்றுக் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். பிறகு வாசலில் வந்து உட்கார்ந்து, டின்னைத் தொடாமல், அதன் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் இருந்தாள். நடுவில், சோறு கருகி அடிப்பிடித்த வாசனைக்குத்தான் காத்தாயி வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர்தான?"

"ஆமாக்கா."

"இத்தனை நாள் இந்தச் சத்தம் இல்லாம என்னமோ மாதிரி இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுக் காத்தாயி உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

இப்படித்தான் அது லைனுக்குள் வந்தது. முதல் வாரம் அக்கம்பக்கத்தார் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஃபேக்டரி வேலையை மேற்பார்க்கிற டீமேக்கர் வந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழுக் குறட்டை ஏறி இறங்கும்வரை நின்றார், "அவனேதான், ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு..." என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு போனார். அடுத்தடுத்த வாரங்களில் யாரும் நின்று கேட்கவில்லை, வேலைதான் நடந்தது. மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரை மறுபக்கம் திருப்பிக் கட்டினார்கள். குக்கர் வைத்திருந்தவர்கள் பகலில் சட்டியில் சமைத்தார்கள். பெண்கள் வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பாத்திரம் விளக்கினார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர், காணாமல் போனவரை இறந்தவராகப் பதிய வந்திருக்கிறேன், ஒரு கையெழுத்துப் போடம்மா என்று பேனாவை நீட்டிக்கொண்டே பேசினவர், குறட்டை ஏறத் தொடங்கியதும் பேச்சை நிறுத்தினார்.

"யாரும்மா உள்ளே?"

"அவருதான் சார்."

அவர் டின்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பேனாவை மூடிப் பையில் செருகினார். "அப்ப நான் எப்படிம்மா எழுதுறது," என்று, அவளிடம் கேட்கிற மாதிரி இல்லாமல், தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது ஜீப்பைக் கீழே ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

ஆனால் அந்தக் குளிரில் நடந்த பெரிய காரியம் வேறு. வேறு லைனில் இருந்ததால் தப்பித்த ஷிப்ட் ஆண்கள், மலை இறங்கின நாளிலிருந்து பகலில் கண்ணை மூடவே பயந்துபோயிருந்தார்கள். வேலை முடிந்து வந்து சுவரில் முதுகைச் சாய்த்து, சரிவையே பார்த்துக்கொண்டு, கண் சிவந்து கன்னம் ஒட்டிக் கிடந்தவர்கள், சிவனாண்டியின் குறட்டை வந்த பிறகு ஒவ்வொருவராகச் சாய ஆரம்பித்தார்கள். அவனே தூங்குகிறான் என்றால் நமக்கென்ன என்று அவர்கள் உடம்புக்குத் தோன்றியிருக்க வேண்டும். தையில் ஒரு மத்தியானம் தவமணி லைன் வழியே நடந்து வரும்போது எல்லா ஷெட்டிலிருந்தும் குறட்டை வந்தது. அத்தனைக்கும் நடுவில் தன் வீட்டுச் சத்தத்தைக் காது தனியாகப் பிரித்தெடுத்தது. மலை இறங்கின பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று காத்தாயி பிற்பாடு சொன்னாள்.

மாசிக் கடைசியில் கொடியில் மொட்டு கட்டியது. பங்களாக் கொடி பூக்கப் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்ததாகக் கேள்வி என்றார் ஜேசுமணி. குறட்டை விடுகிற கொடி சீக்கிரம் பூப்பதில் என்ன அதிசயம் என்று லைனில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் மொட்டு வாய்விட்ட அன்றைக்கு, ஏறிக்கொண்டிருந்த குறட்டை பாதியில் அறுந்தது. பிறகு ஒரு நீண்ட கொட்டாவி, சோம்பல் முறிக்கையில் சிவனாண்டியின் தோளில் சொடுக்கு விழுகிற சத்தம், அதற்குப் பின் ஒன்றுமில்லை. தவமணி ஓடிப்போய்த் தேத்தண்ணி போட்டு, அவன் குடிக்கிற பித்தளை டம்ளரில் ஊற்றி, டின் பக்கத்தில் வைத்தாள். எழுந்ததும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் அவன் எந்தப் பேச்சும் பேசுவான். ஆவி அடங்கியது, ஆடை கட்டியது, எறும்பு ஏறியது. தலைக்கு மேலே ஊதாக் கொத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்துகொண்டே இருந்தன. பக்கத்து எஸ்டேட்டிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். இப்படி ஒரு அழகைக் கண்டதில்லை என்று சொன்னார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். எழுந்தவர் எங்கே போனார் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கோடையும் மழையும் சத்தமில்லாமல் போயின. கொடியில் நெற்று காய்த்து வெடித்தபோது, மண்ணுக்குள் ஆளை விட்டவர்கள் எல்லாரும் வந்து ஆளுக்கொரு விதை கேட்டார்கள். தவமணி கொடுத்தாள். அவரவர் முள்கம்பிக்குள் நுழைந்து அவரவர் வீடு இருந்த இடத்தின் மண்ணை எடுத்து வந்தார்கள். காத்தாயி, மகள் படுத்திருந்த மூலையை அளந்து பார்த்து எடுத்தாள். அந்தக் குளிரில் அவர்களுடைய விதைகள் மண்ணில் கிடந்தன, சிவனாண்டி தூங்கினான். பங்குனியில் அவர்களுடைய விதைகள் முளைத்தன, சிவனாண்டி எழுந்துவிட்டான், தேத்தண்ணி ஆறியது. அதற்கடுத்த குளிரில்தான் லைன் முழுக்க வாசலுக்கு வாசல் டின்னில் இலையுதிர்ந்த கொடி நின்றது, ஆளாளுக்கு வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

தவமணியின் டின்னில் மட்டும்தான் சத்தம் வந்தது. சிலர் தை வரைக்கும் பார்த்தார்கள். பிறகு ஒருவர் டின்னைக் கவிழ்த்து மண்ணை ஓடையில் கொட்டினார், இன்னொருவர் கொடியைத் தின்ன ஆட்டை அவிழ்த்துவிட்டார். தண்ணிக் குழாயில் தவமணி வரிசையில் நின்றால் முன்பு மாதிரிப் பேச்சுக் கொடுக்க ஆளில்லை. காத்தாயி ஒருத்திதான் தன் டின்னைக் கவிழ்க்கவில்லை. மண்ணில் காதை வைத்துப் படுத்திருந்தவளைத் தவமணி ஒரு நாள் கண்டாள்.

"ஏதாவது கேக்குதாக்கா?"

"ஒண்ணும் கேக்கல," என்றாள் காத்தாயி, தலையைத் தூக்காமல். "புவனா சத்தமில்லாமத்தான் தூங்குவா. மூச்சு வருதான்னு மூக்குல விரலை வச்சுத்தான் பாக்கணும்."

அந்த மாசியில் மொட்டு கட்டத் தொடங்கியதும் தவமணி ஸ்டூல் போட்டு ஏறி எல்லா மொட்டையும் கிள்ளினாள். கணுவுக்குக் கணு உப்பிய இலைக் குருத்துகளையும் விடவில்லை. கொழுந்து கிள்ளிப் பழகின கை. விரல் தன்பாட்டுக்குப் போனது. டின்னைத் தூக்கி ஷெட்டின் நிழல் பக்கத்தில் வைத்து, நனைத்த சாக்கைச் சுற்றினாள். மீன் வண்டிக்காரர் வருகிற நாட்களில் அவரிடம் கெஞ்சி, மீன் விற்றது போக மிஞ்சின ஐஸை வாங்கி வந்து சாக்குக்குள் அடைத்தாள். பங்குனி பிறந்தது, சித்திரை வந்தது, பங்களாக் கொடி பூத்துக் கொட்டி இலையும் விட்டது. தவமணியின் வாசலில் கொடி கயிறாகவே கிடந்தது, சிவனாண்டி தூங்கிக்கொண்டே இருந்தான். ஷிப்ட் ஆண்களுக்கு அதில் சந்தோஷம்தான். வெயில் காலத்திலும் அவர்கள் தூங்கினார்கள். சிலர் மீன் வண்டிக்கு முன்னாலேயே போய் நின்று ஐஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜேசுமணி வந்து டின்னைப் பார்த்துவிட்டு, சாக்கை விலக்கித் தண்டைத் தொட்டார்.

"இலை விட்டாத்தான் தங்கச்சி வேருக்குச் சோறு. இப்ப அது தன் வேரைத் தானே தின்னுக்கிட்டு கிடக்கு."

"இலை விட்டா எந்திரிச்சிடுவாரே அண்ணே."

"எந்திரிச்சாத்தான் மறுபடி தூங்க முடியும்."

"போன வருஷமும் எந்திரிச்சார். அதுக்கு முந்தின வருஷமும் எந்திரிச்சார்," என்றாள் தவமணி. "ஒரு வாய் தண்ணி குடிக்கல. என்னைப் பாக்கல."

ஜேசுமணி சாக்கைப் பழையபடி மூடிவிட்டு எழுந்தார்.

வைகாசியில் குறட்டை மாறியது. முன்பு மாதிரி ஏறவில்லை, பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றது, விசிலுக்குப் பதிலாகக் கரகரப்பாக இறங்கியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேரம் நீண்டுகொண்டே போனது. அந்த இடைவெளி வரும்போதெல்லாம் லைனில் துணி அலசுகிறவர்கள் அலசுவதை நிறுத்தினார்கள், தூங்குகிற ஆண்கள் கண்ணைத் திறந்தார்கள், குறட்டை திரும்ப வந்ததும் துணி அலசப்பட்டது, கண்கள் மூடின. காத்தாயி வந்து தவமணியின் கையைப் பிடித்தாள்.

"எங்க அப்பாவுக்குக் கடைசியில இப்படித்தான் இழுத்துச்சு. வேணாம்டி. எந்திரிக்க விட்டுடு."

அன்றைக்கே தவமணி சாக்கை அவிழ்த்தாள். ஐஸை வழித்துக் கொட்டினாள். டின்னைத் தன் இடுப்பில் தூக்கி வைத்து, வெயில் நன்றாக விழுகிற இடம் தேடி லைனுக்கு முன்னால் திறந்த வெளிக்குக் கொண்டுபோய் வைத்தாள். மக்கின சாணம் போட்டாள், அளந்து தண்ணீர் விட்டாள், தினமும் காலையில் ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்தாள். கிள்ளின இடமெல்லாம் காய்ந்து கறுத்திருந்தது. புதிதாக ஒன்றும் உப்பவில்லை. நகத்தால் மேலே சுரண்டினாள், பழுப்பாக இருந்தது. கொஞ்சம் கீழே சுரண்டினாள், பழுப்பாக இருந்தது. மண்ணை ஒட்டி, கடைசியாக ஒரு இடத்தில் பச்சை தெரிந்த மாதிரி இருந்தது. அதை மேலும் சுரண்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. "எந்திரிங்க," என்று அவள் டின்னைப் பார்த்துச் சொன்னாள். அவனை எழுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எழுப்பினதில்லை. தூக்கம் கலையாமல் பேசிப் பேசியே அடங்கிப்போன குரல், சத்தமாக வரவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், லைன் முழுக்க வீட்டில் இருந்த நேரத்தில், ஒரு குறட்டை மெதுவாக ஏறிப் போய் நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள். தவமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை மடியில் இறக்கினாள். குழாயில் நின்ற பெண்கள் குழாயை மூடினார்கள். பாயில் கிடந்த ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்கு வந்தார்கள். வெயில் திறந்த வெளியைத் தாண்டி ஃபேக்டரிச் சுவர் வரைக்கும் போயிற்று. விசில் இறங்கி வரவே இல்லை. கடைசியில் காத்தாயிதான் போய், டின்னுக்குள் கையைவிட்டுத் தண்டைத் தொட்டாள். அது கையோடு வந்துவிட்டது.

மலை இறங்கின வருஷம் செய்ய முடியாமல் போனதையெல்லாம் இப்போது செய்தார்கள். பந்தல் போட்டார்கள், பறை வந்தது, ஷிப்ட் ஆண்கள் டின்னைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள், டீமேக்கர் கூடவே நடந்தார். கொஞ்ச நாளாகப் பேசாமலிருந்த வீட்டுப் பெண்களும் வந்து தவமணியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுததில் பொய் இல்லை. ஆனால் அவளை விட்டுவிட்டு எழுந்த பிறகு ஒருவரும் மொட்டைக் கிள்ளின அவள் விரல்களைப் பார்க்காமல் இல்லை. தாலுகா ஆபீஸ்காரர் மறுபடி வந்தார். என்ன நடந்தது என்று அவரிடம் யாரோ ரோட்டிலேயே சொல்லியிருந்தார்கள். "இப்பப் போடலாமாம்மா?" என்று கேட்டார். போட்டாள். தேதி என்ன எழுத என்று கேட்டதற்கு, மலை இறங்கின தேதியை எழுத வேண்டாம், போன ஞாயிற்றுக்கிழமையை எழுதுங்கள் என்றாள். அப்படி எழுத முடியாதே அம்மா என்றார் அவர், வருத்தமாக. பழைய தேதியைத்தான் எழுதினார்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குப் போன முதல் நாள், மேல்காட்டில் நிரை பிடித்து நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். பனிமூட்டம் விலகியதும் கீழே லைன் தெரிந்தது. கோயில் ஸ்பீக்கரை யாரோ இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள். பாட்டு அவ்வளவு தூரம் ஏறி வந்தது. குக்கர் விசில் அடித்தது. பாத்திரம் ஒன்று சிமென்டில் விழுந்து உருண்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த ஆண்கள் ஷெட்டுகளுக்கு வெளியே, சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்து, சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடி மழைக்கு முந்தின மேகம் அதன் உச்சியில் வந்து உட்கார்ந்திருந்தது.

தவமணியின் கை பறிப்பதை நிறுத்திவிட்டிருந்தது.

"என்ன தவமணி?" என்றாள் பக்கத்து நிரையிலிருந்த காத்தாயி.

"லைன்ல ஒருத்தரும் தூங்கலக்கா," என்றாள் அவள்.

காத்தாயி நிமிர்ந்து கீழே பார்த்தாள். பிறகு இருவரும் குனிந்து, மழை வருவதற்குள் நிரையை முடிக்கப் பார்த்தார்கள்.